‘ஏன் மாத்திப் போட்டே?’ என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டு வருகிறது. இந்தத் தேர்தலில் நான் மாற்றிப் போட்டேன். அதைக் கணவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் பேச்சுவாக்கில் என் அண்ணனிடம் உளறிவிட்டார். அன்று பிடித்தது சனி. அண்ணன் தினமும் ஏதாவது ஒரு வீடியோவை அனுப்பி, “இதுக்கு என்ன சொல்றே?” என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா பேர் சொல்லாமல் குத்திக்காட்டுகிறார். ஆபீஸில் டீம் லீடர் எல்லோர் முன்னிலையிலும், “நீங்க எந்தப் பக்கம்? தைரியமா சொல்லுங்களேன்” என்கிறார். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். எனக்கு நெருங்கிய தோழி ஒருத்தி இருக்கிறாள். நான் ஓட்டுப் போட்ட கட்சிக்காரர்கள் அவளுடைய சமூகத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். அவள் கோபப்படவில்லை. “உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை” என்று சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லை. விளக்கம் சொன்னால் சண்டை வருகிறது. சொல்லாமல் இருந்தால் “பாத்தியா, பதில் இல்ல” என்கிறார்கள். ராத்திரி படுத்தால் மனசுக்குள்ளேயே ஒவ்வொருவரிடமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நான் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லாமல் இருப்பது கோழைத்தனமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு மாறினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. நேர் எதிர்ப் பக்கத்துக்கு மாறியவர்களும் இதே வரிகளைத்தான் எழுதுகிறார்கள். கட்சிப் பெயரை எடுத்துவிட்டாலும் கஷ்டம் அப்படியே இருக்கிறது.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கணக்குக் காட்டும் கடமை உங்களுக்கு இல்லை. அண்ணனிடமும் இல்லை, கணவரிடமும் இல்லை. ஆனால் கடிதத்தில் வரும் ஆட்கள் எல்லோரும் உங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. எல்லோர் வாயிலும் “ஏன்” என்றுதான் வருகிறது. உள்ளே இருக்கும் கேள்வி ஆளுக்கு ஆள் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல், எல்லோர் வாயையும் அடைக்கிற மாதிரி ஒரே விளக்கத்தைத் தயாரிக்க முயல்கிறீர்கள். அப்படி ஒரு விளக்கம் கிடைக்காது. ராத்திரித் தூக்கம் போவது அதனால்தான்.

கடமை இல்லை என்று நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வாக்குச்சாவடியில் இருக்கும் அந்த மறைப்பு சும்மா வந்ததல்ல. பிரிட்டனில் 1872 வரை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் எல்லோர் காதிலும் விழும்படி வேட்பாளரின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று பெயர் பெயராக அச்சிட்ட புத்தகங்கள்கூட வெளிவந்தன. 1868 தேர்தலுக்குப் பிறகு வேல்ஸில், நிலச்சொந்தக்காரர் சொன்ன ஆளுக்குப் போடாத குத்தகைக்காரர்கள் பலர் நிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கொதிப்பும் சேர்ந்துதான் 1872-இல் ரகசிய வாக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-இலேயே அதைச் செய்துவிட்டன. 1948-இல் ஐ.நா. வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21-ஆவது பிரிவும் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பாகவோ அதற்கு இணையான சுதந்திரமான வாக்களிப்பு முறையிலோ நடக்க வேண்டும் என்று சொல்கிறது. பெட்டிக்குள் மட்டும் ரகசியமாக இருந்து, வீட்டு வாசலில் அதை ஒப்பித்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ரகசிய வாக்கை எதிர்த்தவர். ஓட்டு நம் சொந்தச் சொத்து இல்லை, மற்றவர்களின் வாழ்க்கையையும் பாதிக்கிற ஒரு பொறுப்பு நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அதனால் மற்றவர்கள் பார்க்கத்தான் அதைப் போட வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய அப்பா ஜேம்ஸ் மில் ரகசிய வாக்குக்காக வாதாடியவர். அந்த வீட்டிலும் அப்பாவும் பிள்ளையும் ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

மில் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். உங்கள் ஓட்டு உங்கள் தோழியின் வாழ்க்கையையும் தொடுகிறது. போடும்போது அவளை நினைத்தீர்களா என்று உங்கள் மனசாட்சி கேட்டால், அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே பதிலை டீம் லீடர் முன்னால் ஒப்பிக்க வேண்டியதில்லை. நிலத்தைப் பறிக்கும் அதிகாரம் கேட்பவர் கையில் இருக்கும்போது ‘எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்’ என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை மில் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நீங்களே நாலு பேரிடம் போய் “இவங்களுக்குப் போடுங்க” என்று பிரசாரம் செய்திருந்தால், ஏன் என்று கேட்க அந்த நாலு பேருக்கும் உரிமை உண்டு. பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுக்கு அப்படி இல்லை. நீங்கள் யாரையும் எதற்கும் அழைக்கவில்லை. உங்கள் வாயிலிருந்துகூட விஷயம் வெளியே வரவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தினமும் வீடியோ அனுப்புகிறார். ஒன்றுக்கு நீங்கள் பதில் சொன்னால் அடுத்த நாள் என்ன ஆகிறது? இன்னொரு வீடியோ வருகிறது. பதிலைத் தேடுகிறவர் பதில் கிடைத்ததும் ஒரு நிமிஷமாவது அதை யோசித்துப் பார்ப்பார். உங்கள் அண்ணன் அப்படிச் செய்கிறார் என்று கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. அவர் தேடுவது வேறு ஏதோ. இரண்டு தலைமுறை ஒரே கட்சி என்றால் அது வெறும் கொள்கையாக இருந்திருக்காது. தேர்தல் முடிவு வந்த ராத்திரி வீடே விழித்திருந்திருக்கும். அப்பா சொன்ன கதைகள் இருந்திருக்கும். தோற்ற வருஷம் எல்லோரும் சேர்ந்து முகம் வாடியிருப்பார்கள். என் ஊகம், அவர் “ஏன் மாத்திப் போட்டே?” என்று கேட்கும்போது உள்ளே கேட்பது, “நீ இன்னும் நம்ம வீட்டுப் பொண்ணுதானா?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பொருளாதாரக் கொள்கையை விளக்கிப் பதில் சொன்னால் அவருக்கு எப்படித் திருப்தி வரும்?

கேட்காத அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். போனில் சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம். “அண்ணா, ஓட்டு விஷயத்துல நாம ரெண்டு பேரும் வேற வேற. அதைப் பத்தி உங்ககிட்ட வாதாடப் போறதில்ல. ஆனா நீங்க அனுப்புறதையெல்லாம் பாத்தா, நான் உங்களையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைக்கறீங்களோன்னு தோணுது. அப்படி எதுவும் இல்ல.” இவ்வளவு போதும். அவர் “அப்போ ஏன்...” என்று ஆரம்பித்தால், “அதைப் பேச வேணாம்ணா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அடுத்த வாரம் நீங்களே எதற்காவது அவரைக் கூப்பிடுங்கள். ஒரு யோசனை கேளுங்கள், பழைய விஷயம் எதையாவது விசாரியுங்கள். வீடியோக்களுக்கு மட்டும் பதில் வேண்டாம். ஸ்மைலிகூட வேண்டாம். அதுவும் ஒரு பதில்தான், அடுத்த வீடியோவை அது கூப்பிட்டு வரும்.

ஒரே போனில் இது தீர்ந்துவிடாது. ஆரம்பத்தில் வீடியோக்கள் கூடலாம். பழைய வழி எடுபடவில்லை என்று தெரிந்தால் மனிதர்கள் முதலில் அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பார்கள், அலுத்த பிறகுதான் விடுவார்கள். அந்த நாட்களில் பொறுமை இழந்து ஒரு முறை பதில் சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்சம் தள்ளினால் பதில் வரும் என்று அவருக்கு நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

விளக்கம் சொல்வதை நான் இவ்வளவு தள்ளிப்போடச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. விளக்கம் கேட்பவரை விட, அதைச் சொல்பவரைத்தான் அது அதிகம் மாற்றுகிறது. திமதி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மாணவிகளிடம் சில சுவர்ப்படங்களைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய ஓவியர்களின் படங்களும் இருந்தன, வேடிக்கைப் படங்களும் இருந்தன. ஒரு பிரிவினர் சும்மா பார்த்து எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணங்களை எழுதிவிட்டு எடுத்தார்கள். காரணம் எழுதியவர்களில் வேடிக்கைப் படத்தை எடுத்தவர்கள் அதிகம். சில வாரம் கழித்துக் கேட்டபோது, எடுத்த படத்தில் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான். ஓவியம் ஏன் மனசைத் தொடுகிறது என்று எழுதுவது கஷ்டம். வேடிக்கைப் படத்துக்குக் காரணம் எழுதுவது சுலபம். சுலபமாகச் சொல்ல வருகிற காரணம், சொல்ல வராத உண்மைக் காரணத்தை ஓரம் தள்ளிவிடுகிறது.

ஓட்டும் அப்படித்தான். ஒருவர் மனசு மாறுவதற்குப் பின்னால் வருஷக்கணக்கான சலிப்பு இருக்கும், ஏதோ ஒரு நாள் பார்த்த ஒரு சம்பவம் இருக்கும், நம்பியவர்கள் கைவிட்ட வருத்தம் இருக்கும். “ஒரே வரில சொல்லு” என்று ஒருவர் நிற்கும்போது இதெல்லாம் வராது. கையில் அகப்படும் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்வீர்கள். அதை அவர் உடைப்பார். அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்வீர்கள். கொஞ்ச நாளில், நீங்கள் ஓட்டுப் போட்டபோது பெரிதாக நினைக்காத விஷயங்களுக்கெல்லாம் வக்காலத்து வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கட்சி எதைச் செய்தாலும் அதை நியாயப்படுத்தும் வேலை உங்கள் தலையில் விழுந்துவிடும், சம்பளமில்லாத வக்கீல் மாதிரி. நிறையப் பேருக்கு இது நடந்திருக்கிறது. பாதி மனதோடு மாறியவர்களை, கேள்வி கேட்டுக் கேட்டே முழு மனதோடு அந்தப் பக்கம் தள்ளிவிட்ட குடும்பங்கள் உண்டு. உங்கள் அண்ணனுக்கு இது தெரிந்தால் இன்றே வீடியோ அனுப்புவதை நிறுத்திவிடுவார்.

ஓட்டுப் போடும்போது ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இதில் சம்மதம், அதில் சம்மதமில்லை, வேறு வழியில்லாமல் இது என்றெல்லாம் எழுத அதில் இடமில்லை. ஆகவே அந்தக் கட்சியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டதாக யாராவது பேசினால், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்களும் ராத்திரியில் உங்களுக்கு எதிராக அப்படி வாதாடாதீர்கள்.

அண்ணனோடு எப்போதாவது நிதானமாக ஒரு கொள்கையைப் பற்றிப் பேச ஆசை வந்தால், ஒரு சின்ன யோசனை. “ஏன்” என்று கேட்காமல் “எப்படி” என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டம் எப்படி நடக்கும், பணம் எங்கிருந்து வரும், யார் செய்வார்கள். இப்படி விளக்க முயன்றவர்கள் தங்கள் நிலைப்பாட்டில் கொஞ்சம் இறங்கிவந்தார்கள் என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. காரணங்களை அடுக்கச் சொன்னபோது அந்த மாற்றம் வரவில்லை. பின்னால் வேறு சிலர் அதையே திரும்பச் செய்துபார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் யார் மனசையும் மாற்றும் மருந்தாக இதைத் தரவில்லை. “எப்படி” என்று கேட்டால் குரல் உயர்வது குறைகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

சித்தப்பா உங்கள் பெயரைச் சொல்லவில்லை அல்லவா? அப்படியென்றால் உங்களைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு? குழுவை மியூட்டில் போடுங்கள், வெளியேறாதீர்கள். வெளியேறினால் அதுவே ஒரு மாதத்துக்குப் பேச்சாகும்.

டீம் லீடர் விஷயம் வேறு ரகம். அவர் கேட்பது தமாஷாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வேலை மதிப்பீட்டில் கைவைக்கக்கூடியவர், மற்றவர்கள் முன்னிலையில் கேட்கிறார். நான் மேலே சொன்ன குத்தகைக்காரர் கதையின் சாயல் இங்கேதான் இருக்கிறது. இங்கே அரை விளக்கம்கூட வேண்டாம். “ஆபீஸ்ல நான் அரசியல் பேசறதில்ல சார்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். யார் கேட்டாலும், எந்தப் பக்கத்து ஆள் கேட்டாலும் இதே வாக்கியம். உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கேட்கும்போது மட்டும் வாயைத் திறந்தால் அடுத்த தடவை அந்த வாக்கியம் செல்லாது. அதையும் மீறித் தொடர்ந்தால், தேதியையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் குறித்துவைத்து மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள்.

கோழைத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. எலிசபெத் நோயல்-நோய்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1974-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் தனித்துவிடப்படுவோமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடுவதால் எதிர்க்கருத்து இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்கிறார். உங்கள் வீட்டிலேயே உங்களைப் போல இன்னும் ஒருவர் சத்தமில்லாமல் மாற்றிப் போட்டிருக்கலாம். குழுவில் சித்தப்பாவுக்குக் கைதட்டும் ஸ்டிக்கர் போடுபவர்களில்கூட ஒருவர் இருக்கலாம்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர்கள் எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, கண்ணுக்குத் தெரியும் ஒரு தப்பான பதிலைச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் பின்னால் போவது மளமளவென்று குறைந்தது. அந்த ஒருவர் சொற்பொழிவு ஆற்றவில்லை, விளக்கம் தரவில்லை. வேறு பதில் சொன்னார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். “நான் வேற மாதிரி யோசிச்சேன்” என்று ஒத்துக்கொண்டு நிற்பதற்கே துணிச்சல் வேண்டும். அதை நீங்கள் மறுக்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் “இல்லண்ணா, அவர் தப்பாச் சொல்லிட்டார், நான் வழக்கம்போலதான் போட்டேன்” என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. வித்தியாசத்தை மறைக்காமல், காரணத்தை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்வதில் கோழைத்தனம் எதையும் நான் பார்க்கவில்லை. பயந்து பொய் சொன்னாலோ, மனசுக்கு ஒவ்வாத கேலிக்குச் சேர்ந்து சிரித்தாலோ அப்போது யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் தோழி. கடிதத்தில் அவளைப் பற்றி மூன்று நான்கு வரிதான் இருக்கிறது. உங்களை அதிகம் வலிக்கச் செய்வது அவள்தான் என்று அந்த வரிகளே சொல்கின்றன. அவளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அண்ணனுக்குச் சொன்ன அதே வாக்கியத்தை அவளிடம் சொல்லாதீர்கள். “அதைப் பேச வேணாம்” என்று அவளிடம் சொன்னால், “உன் வலியைப் பேச வேணாம்” என்றுதான் அவள் காதில் விழும்.

அண்ணனுக்கு இது ஒரு பெருமைப் பிரச்சினை. அவளுக்கு அப்படி அல்ல. மேடையில் பேசப்பட்டது அவளைப் பற்றி, அவள் பெற்றோரைப் பற்றி. அந்தப் பேச்சுக்குப் பிறகு தெருவில் தன்னை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவள் கவனிக்க ஆரம்பித்திருப்பாள். அந்தக் கணக்கெடுப்பில் உங்களைப் பற்றி மட்டும் அவள் யோசித்ததே இல்லை. “உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை” என்பதற்கு அர்த்தம் அதுதான்.

அவளைப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில். போகும்போது காரணங்களைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். “அந்தப் பேச்சு தப்புதான், ஆனா...” என்று ஆரம்பிக்கவே கூடாது. ‘ஆனால்’ வந்த பிறகு, அதற்கு முன்னால் சொன்ன எதுவும் நிற்காது. முதலில் கேளுங்கள்: “அன்னிக்கு நீ சொன்னது மனசுலயே இருக்கு. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு, நான் கேக்கறேன்.” அவள் பேசும்போது நடுவில் புகாதீர்கள். “நான் அப்படி நினைச்சுப் போடலை” என்று சொல்ல நாக்கு துடிக்கும். அது உங்களைச் சமாதானப்படுத்தத்தான் உதவும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்கலாம். “எங்களைப் பத்தி அவங்க சொன்னதை நீயும் நம்பறியா?” இந்தக் கேள்விக்கு மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இது ஓட்டைப் பற்றிய கேள்வியே அல்ல. அவளைப் பற்றிய கேள்வி. ஓட்டு ரகசியத்தைக் காட்டி இதிலிருந்து நழுவினால், நீங்கள் பதில் சொல்லாததையே ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வாள், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். “இல்லை, அது அபாண்டம்” என்பது உங்கள் உண்மையான எண்ணம் என்றால் அதைச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. அந்தக் கட்சியின் மற்ற ஆதரவாளர்கள் உங்கள் முன்னால் அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லும்போது அதே வார்த்தையை அங்கேயும் சொல்ல வேண்டும். அவள் அங்கே இருக்கமாட்டாள். ஆனாலும் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள் சொன்னால்தான் அந்தக் கட்சிக்காரர்களின் காதில் ஏறும். எதிர்த்துப் போட்டவர்கள் ஆயிரம் சொன்னாலும் எதிர்க்கட்சிப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பேச்சை நீங்கள் அவ்வளவு கனமாக எடுத்துக்கொள்ளவில்லை, வேறு விஷயங்கள் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தன என்பதே உண்மையாக இருக்கலாம். அதையும் சொல்லலாம். “அப்போ அது எனக்கு இவ்வளவு பெருசாத் தெரியலை. இப்போ நீ சொல்றதைக் கேட்டா தெரியுது.” இதைச் சொன்னால் ஓட்டு தப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. அடுத்த முறை என்ன செய்வீர்கள் என்ற வாக்குறுதியையும் யாரும் உங்களிடம் வாங்க முடியாது.

அவள் மன்னித்துவிடுவாள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அவள் கொஞ்ச காலம் விலகியே இருக்க விரும்பலாம். அது அவள் உரிமை. உங்கள் ஓட்டு எப்படி உங்களுடையதோ, யாரோடு நெருக்கமாக இருப்பது என்ற முடிவும் அப்படி அவளுடையது. சில நட்புகள் இதில் உடைந்துபோகின்றன. சரியாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கணவரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் இவ்வளவு நாளாக எல்லோர் கேள்விக்கும் நீங்கள் தனியாக நின்று பதில் சொல்கிறீர்கள். அவர் என்ன செய்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. “நீங்க சொன்னதால வந்தது இது. இனி அண்ணன் உங்ககிட்ட இதைப் பத்திப் பேசினா, ‘அது அவ விஷயம், என்கிட்ட கேக்காதீங்க’ன்னு சொல்லிடுங்க” என்று கேளுங்கள். மாப்பிள்ளை வாயிலிருந்து இந்த வாக்கியம் ஒரு முறை வந்தால், உங்கள் விளக்கங்களை விட அது அதிகம் வேலை செய்யும்.

கடைசியாக ராத்திரி வாதங்கள். ஒரு நாள் உட்கார்ந்து, நீங்கள் ஏன் மாற்றிப் போட்டீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. அதனால் நன்றாக எழுத வேண்டாம், ஜெயிக்கிற மாதிரி எழுத வேண்டாம். சந்தேகங்களையும் எழுதுங்கள். உங்களுக்கே சரியாகத் தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வாதம் திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் காரணம், எதிராளி கேட்ட கேள்விகளுக்கே பதில் தேடிக்கொண்டிருப்பதுதான். உங்கள் கேள்விகள் வேறாக இருக்கலாம். எழுதிப் பார்த்த பிறகு, செய்தது சரிதான் என்று தோன்றினாலும் சரி, அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றினாலும் சரி, அடுத்த தேர்தல் வரும். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் போனால் மட்டும் கடிதத்தோடு நிறுத்தாமல் நேரில் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

கணவரிடம் இன்றே பேசிவிடுங்கள். தோழியை இந்த வாரம் பாருங்கள், அண்ணனுக்கு அதற்குப் பிறகு போன் செய்யலாம். அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வரும்போது “யாருக்குப் போட்டே?” என்று கணவர் கேட்டால், சொல்வதா வேண்டாமா என்பதை அப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.